முதற் கீறலுக்கு முன்னே

உடம்பு மெலிகிறது, இடுப்பு மட்டும் பெருக்கிறது. கன்னம் ஒட்டி, தோள் எலும்பு தெரியத் தொடங்கிய பிறகும் சாரத்தின் முடிச்சை ஒரு விரற்கடை தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. தேயிலை மலையில் கொழுந்தெடுக்கும் பெண் என்றால், ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கின் கயிறு போன வருடம் எட்டிய இடத்துக்கு இந்த வருடம் எட்டுவதில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போக முடிகிறது. ஆகவே யாரும் வைத்தியரைத் தேடிப் போவதில்லை. வயிற்றின் பின்புறத்தில், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பில் வளரும் ‘லைப்போசார்க்கோமா’ என்ற அரிய புற்றுநோய் பல வேளைகளில் இப்படித்தான் தலைகாட்டுகிறது. கண்டுபிடிக்கப்படும்போது அது ஒரு தேங்காயின் அளவைத் தாண்டியிருப்பது வழக்கம்.

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதியில், திகனையையும் தெல்தெனியவையும் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைகளுக்கும் மீமுரே கிராமத்துக்கும் பாதை பிரிகிற இடம் அது. தேயிலையையும் ஏலத்தையும் மரக்கறியையும் நம்பி வாழும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவருக்கு ‘வயிற்றுக்குள்ளே ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறது’ என்ற சந்தேகம் வந்தால், முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி அல்லது பக்கத்து அரச வைத்தியசாலை. அங்கிருந்து கடிதத்தோடு தெல்தெனிய ஆதார வைத்தியசாலை. அதற்கும் அப்பால் கண்டி தேசிய வைத்தியசாலை அல்லது பேராதனை போதனா வைத்தியசாலை. ஒவ்வொரு பயணமும் ஒரு நாளை விழுங்கும். கிளினிக்குக்குப் போனால் தோட்டத்தில் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், கிடைக்காது. ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் அரிசிக்கும் பஸ் காசுக்கும் இடையில் கணக்குப் போடுகிறவர்கள்.

ஆனாலும் அந்தப் பயணம் அவசியம். வயிற்றுக்குள் வளரும் அரிய கட்டிகளில் நோயாளியின் எதிர்காலத்தைப் பெருமளவு தீர்மானிப்பது முதலாவது சத்திரசிகிச்சை. முதற் கீறல் எங்கே, யாருடைய கையால், எதைத் தெரிந்துகொண்ட பிறகு போடப்படுகிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. சில கட்டிகளுக்கு அந்தக் கீறலே தேவைப்படாது என்பதும் இதில் சேர்ந்த உண்மை.

தனித்தனியே அரிது, கூட்டினால் பெரிது

ஒரு லட்சம் பேரில் வருடத்துக்கு ஆறு பேருக்கும் குறைவாகப் புதிதாகத் தோன்றும் புற்றுநோயை ‘அரிய புற்றுநோய்’ என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் இந்தக் கணக்கில் வராது. ஆனால் அரியவை என்று ஒதுக்கிய ஏறத்தாழ இருநூறு வகைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, ஐரோப்பாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அவையே என்று தெரியவந்தது.

இதன் பொருள், ஊர் வைத்தியர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட அரிய கட்டியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம். ஆனால் பெரிய வைத்தியசாலை ஒன்றின் வார்டில் ஏதோ ஓர் அரிய கட்டியோடு எப்போதும் யாராவது இருப்பார்கள். ‘இது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று’ என்று உணர்ந்து கடிதம் எழுதி அனுப்புகிற முதல் வைத்தியர், அந்த வகையில், நோயாளிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியைச் செய்கிறார்.

வயிறு இரகசியம் காக்கும் இடம். மண்டையோட்டுக்குள் ஒரு கட்டி சிறிது வளர்ந்தாலே இடம் நெருங்கித் தலையிடி வந்துவிடும். வயிற்றுக்குள் குடல் வழுக்கி விலகிக்கொடுக்கும், முன்சுவர் நெகிழ்ந்துகொடுக்கும். முதுகெலும்பை ஒட்டிய பின்புற வெளியில் கட்டிக்கு இன்னும் தாராளமான இடம். அறிகுறி என்று வருவதும் எல்லாருக்கும் வருவதுதான்: கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, பொருமல், மந்தம். ‘காஸ்’ என்று சொல்லி ஒரு குளிசையை விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பதே வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையில் காஸ்தான். ஆனால் மூன்று, நான்கு வாரம் கடந்தும் மாறாத பொருமல், காரணமில்லாத மெலிவு, கறுத்துத் தார் போல் போகும் மலம், கண் மஞ்சளாவது, கையை வைத்தால் தட்டுப்படும் கட்டி, ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் காணப்படும் குருதிச்சோகை ஆகியவற்றைக் காஸ் என்று விட்டுவிடக் கூடாது.

ஒரே வயிறு, வெவ்வேறு எதிரிகள்

அரிய கட்டிகளை ஒரே பெயரில் அடக்க முடியாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு கலத்தில் பிறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் செய்ய வேண்டியதும் வேறு.

இரைப்பையும் குடலும் அலையலையாய் அசைவதற்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் கலங்கள் குடற்சுவருக்குள் உண்டு. அவற்றின் வழியில் தோன்றுவது ‘ஜிஸ்ட்’ என்று சுருக்கமாக வழங்கும் கட்டி. பத்து லட்சம் பேரில் வருடத்துக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு வருவது. பாதிக்கு மேல் இரைப்பையில் தோன்றும். உள்ளே மெதுவாகக் கசியும் குருதியால் நோயாளி வெளிறிப் போவார். இரும்புச்சத்துக் குளிசை மாதக்கணக்கில் குடித்தும் தேறமாட்டார். நெடுங்காலம் இதைத் தசைக் கட்டி என்றே வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். 1998 இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்ச்சி ஹிரோட்டாவும் குழுவினரும் ‘கிட்’ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதை வளர்க்கிறது என்று காட்டிய பிறகுதான் அதன் உண்மையான முகம் தெரிந்தது.

இன்னொரு குடும்பம் நரம்பு-ஓமோன் கலங்களில் தோன்றுவது. 1907 இல் ஜெர்மானிய நோயியலாளர் ஸீக்பிரீட் ஓபர்ன்டோர்பர் சிறுகுடலில் இத்தகைய கட்டிகளை விவரித்து, புற்றுநோயைப் போன்றது என்ற பொருளில் அவற்றுக்குப் பெயரிட்டார். இன்றைய தலைமுறைக்கு இந்த நோய் இரண்டு பிரபலங்களால் தெரியவந்தது. ஹிந்தி நடிகர் இர்பான் கான் 2018 மார்ச்சில் தமக்கு இந்நோய் இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். இரண்டு வருடங்கள் போராடி 2020 ஏப்ரல் 29 ஆம் திகதி மும்பையில் காலமானார். அப்பிள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸுக்குச் சதையி என்றும் கணையம் என்றும் வழங்கும் உறுப்பில் இக்கட்டி இருப்பது 2003 இல் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. அவர் ஒன்பது மாதம் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டு உணவுக் கட்டுப்பாடுகளை நம்பியிருந்தார். 2004 இல் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 2011 ஒக்டோபரில் இறந்தார். எவ்வளவு வசதி இருந்தும் தயக்கம் மனிதனை எப்படிப் பிடித்துவைக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இதே குடும்பத்துச் சிறியதொரு உறுப்பினர் ‘இன்சுலினோமா’. பெரும்பாலும் இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைவு. பத்தில் ஒன்பது ஆபத்தற்றது. ஆனால் அது நேரம் காலம் இல்லாமல் இன்சுலினைக் கொட்டும். விடியற்காலையில் எழுப்பினால் பிதற்றுகிறார், வியர்த்து நடுங்குகிறார், சில வேளை வலிப்பும் வருகிறது. சீனி போட்ட பிளேன்டீ ஒரு கோப்பை உள்ளே போனதும் தெளிந்து, நடந்தது எதுவும் தெரியாமல் எழுந்து உட்காருகிறார். காக்கை வலிப்பு என்றும், மனநோய் என்றும், ஏவல் என்றும் வருடக்கணக்கில் அலைந்த பின் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அறிகுறி வரும் வேளையில் குருதியில் சீனியின் அளவைப் பார்ப்பது, சீனி கொடுத்ததும் தெளிகிறதா என்று கவனிப்பது: அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிள் 1930களில் வகுத்த இந்த எளிய விதி இன்றும் மாறவில்லை. சிறுகட்டியை எடுத்துவிட்டால் நோய் அத்தோடு தீரும்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பியில் தோன்றும் ‘பியோகுரோமோசைட்டோமா’ வேறு மாதிரியான ஆபத்து. திடீரென்று நெஞ்சு படபடக்கும், தலை வெடிப்பது போல் வலிக்கும், வியர்வை ஊற்றும், பிரஷர் எகிறும். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். 1926 இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் சீசர் ரூவும் அமெரிக்காவில் சார்ள்ஸ் மேயோவும் இதை முதன்முதலாக வெட்டி எடுத்து வெற்றி கண்டார்கள். இருவருமே வயிற்றைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது என்ன என்று அறிந்திருக்கவில்லை. இன்று அப்படித் திறப்பது மன்னிக்க முடியாத தவறு. ஊசி குத்தினாலோ, கையால் அழுத்தினாலோ அந்தக் கட்டி குருதிக்குள் ஓமோனைப் பாய்ச்சி உயிரையே பறிக்கும். எனவே முதலில் குருதியிலோ சிறுநீரிலோ அந்த ஓமோனின் எச்சத்தை அளக்கிறார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரங்களுக்கு விசேட மருந்தால் இரத்த நாளங்களைத் தளரச் செய்கிறார்கள். அதன் பின்னரே தியேட்டர்.

இளம் பெண்களின் கணையத்தில் அரிதாகக் காணப்படும் ஒரு கட்டியை 1959 இல் வேர்ஜீனியா பிரான்ட்ஸ் என்ற பெண் நோயியலாளர் விவரித்தார். பெரிதாக வளர்ந்திருந்தாலும், முழுமையாக எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். கணையத்தில் கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்பிக்கை இழந்து வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்கு இந்தப் பெண்களே சாட்சி. மறுபக்கத்தில், குடல்வாலில் தொடங்கிச் சளி போன்ற பொருளால் வயிற்றையே நிரப்பிவிடும் நோய் ஒன்றுண்டு. நடிகை ஒட்ரி ஹெப்பர்ன் 1993 ஜனவரியில் இறந்தது குடல்வாலில் தொடங்கிய அத்தகைய புற்றுநோயால்தான்.

கட்டி போலத் தோன்றுபவை

வயிற்றில் தட்டுப்படுவதெல்லாம் புற்றுநோயல்ல. பெருத்த மண்ணீரல், கருப்பை நார்க்கட்டி, நீர்ப்பை, நாய்களிலிருந்து பரவும் நாடாப்புழுவின் முட்டையால் ஈரலில் உண்டாகும் நீர்க்கட்டி ஆகிய எல்லாமே கைக்குக் கட்டியாகத்தான் படும். எமது பிராந்தியத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வயிற்றுக் காசநோய். மெலிவு, வயிற்றில் நீர் சேர்தல், நிணநீர்க் கணுக்கள் வீங்குதல் என்று அது புற்றுநோயின் வேடத்தை அப்படியே போட்டுக்கொள்ளும். சூலகப் புற்றுநோய்க்கான குருதிப் பரிசோதனையின் எண்கூட அதில் உயரும். அதற்குத் தேவை கத்தியல்ல, மாதக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டிய குளிசைகள். நிணநீர்ப் புற்றுநோயும் அப்படித்தான். பெருங்கட்டியாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் மருந்தாலேயே கரையும்.

இதனால்தான் வைத்தியர்கள் கண்டதும் கத்தி எடுப்பதில்லை. முதலில் கை: படுக்கவைத்துத் தொட்டு, கட்டி மூச்சோடு அசைகிறதா, பின்புறத்தில் ஊன்றியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு வலியில்லாத, கதிர்வீச்சில்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அடுத்தது சி.டி. ஸ்கேன். கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் வடிவமைத்த இந்த இயந்திரம் 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. பின்னர் முழு உடலுக்கும் விரிந்தது. கட்டி எந்த உறுப்பிலிருந்து புறப்படுகிறது, எந்தப் பெருநாளத்தை அணைத்திருக்கிறது, ஈரலுக்குத் தாவியிருக்கிறதா என்பவற்றுக்கு விடை தருவது இந்தப் படம்தான். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.; குடலுக்குள்ளிருந்தே பார்க்கும் எண்டோஸ்கொப்பி; அதன் நுனியில் ஸ்கேன் கருவி பொருத்திய வகையும் உண்டு.

பிறகு பயொப்சி. நூல் போன்ற சிறு துண்டு ஒன்றை ஊசியால் எடுத்து, போர்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயமேற்றி நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார். வெறும் தோற்றத்தால் முடிவு கிடைக்காதபோது, குறிப்பிட்ட புரதங்களில் மட்டும் ஒட்டும் சாயங்களைப் பயன்படுத்துகிறார். ஜிஸ்ட் கட்டியைத் தசைக் கட்டியிலிருந்து பிரித்துக் காட்டுவது அப்படியான சாயம் ஒன்றுதான். சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் குடும்பத்தாருக்கு மனப்பாடம். கண்ணாடித் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் இந்த மனிதரை யாரும் சந்திப்பதே இல்லை. அரிய கட்டியில் முதல் வார்த்தை அவருடையதுதான்.

எல்லாக் கட்டிக்கும் பயொப்சி தேவையா என்றால், இல்லை. படமே தெளிவாகச் சொல்லிவிட்டால், கட்டியை முழுதாக எடுக்கவும் முடியும் என்றால், நேரடியாகச் சத்திரசிகிச்சைக்குப் போவதுண்டு. பியோகுரோமோசைட்டோமாவில் ஊசியைத் தொடவே கூடாது. இந்தத் தீர்மானத்தை ஒருவர் தனியே எடுப்பதைவிட சத்திரசிகிச்சை நிபுணர், கதிரியக்க நிபுணர், நோயியல் நிபுணர், புற்றுநோய் நிபுணர் எல்லாரும் ஒரே மேசையில் படத்தைப் போட்டு எடுப்பதே இன்று உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அந்தக் கூட்டத்துக்காக ஒரு வாரம் காத்திருப்பது தாமதமாகாது. அதுவும் சிகிச்சையின் பகுதியே.

கத்தி பட்டால் பரவுமா?

‘கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்ற பயம் மலையகத்திலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு, தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் உண்டு. இந்தப் பயத்தால் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தும் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முறையாகச் செய்த சத்திரசிகிச்சையால் புற்றுநோய் பரவுவதில்லை. காற்றுப் பட்டால் பரவும் என்பதும் உண்மையல்ல. வயிற்றைத் திறந்த பிறகு நோய் முற்றியிருந்தது தெரிந்து, சில மாதங்களில் ஒருவர் இறந்தால், ஊர் கத்தியைக் குற்றஞ்சாட்டுகிறது, குற்றம் காலதாமதத்தினுடையது. ஆனால் ஒரு விடயத்தில் இந்தப் பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஜிஸ்ட் கட்டியின் மேலுறை பழுத்த தக்காளியின் தோல் போன்றது. அவசரத்தில் கிழிந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தினால், நோய் திரும்பி வருவது ஏறத்தாழ நிச்சயம். லைப்போசார்க்கோமாவைச் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று எண்ணித் துண்டு துண்டாய்த் தோண்டி எடுத்தால், மிஞ்சிய துகள்கள் மறுபடி வளரும். இரண்டாவது தடவை வெட்டும்போது, முதற் தடவை கிடைத்திருக்கக்கூடிய நல்வாய்ப்பு திரும்பக் கிடைப்பதில்லை. ஆகவே பயப்பட வேண்டியது கத்திக்கு அல்ல. உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் போடப்படும் கீறலுக்கு.

தியேட்டருக்குள்

வயிற்றுக் கட்டியை வெட்டி எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் பதிவு 1809 டிசெம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள டான்வில் என்ற சிறு ஊருக்குரியது. ஜேன் டொட் குரோபோர்ட் என்ற பெண்ணின் வயிறு பெருத்துக்கொண்டே போனதைக் கர்ப்பம் என்றுதான் நம்பியிருந்தார்கள். இப்ராயிம் மக்டோவல் என்ற வைத்தியர் அது சூலகக் கட்டி என்று கண்டு, தம் ஊருக்கு வந்தால் வெட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் குதிரையில் வந்தார். மயக்க மருந்து உலகுக்கு அறிமுகமாக இன்னும் 37 வருடங்கள் இருந்தன. இருபத்தைந்து நிமிடங்களில் ஏறத்தாழ பத்துக் கிலோ எடையுள்ள கட்டி வெளியே வந்தது. அதன் பின் அவர் முப்பது வருடங்களுக்கும் மேல் வாழ்ந்தார்.

இந்த அறிவு தமிழுக்கு வந்த கதை இலங்கையோடு சேர்ந்தது. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூலை 1867 இல் தமிழில் வெளியிட்டார். நோயாளிக்கு அவருடைய மொழியில் விளங்கப்படுத்த முடியாத வைத்தியம் அரைகுறை வைத்தியம் என்பதை அவர் அன்றே செயலில் காட்டினார். கண்டிப் பக்கத்து வைத்தியசாலைகளில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாயிடம் சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கும்போது இந்தப் பாடம் இன்றும் தேவைப்படுகிறது.

இன்றைய சத்திரசிகிச்சைக் கூடத்தில் கட்டிக்கு ஏற்ப வேலை மாறும். இரைப்பையில் சிறிய ஜிஸ்ட் என்றால் சில துளைகளின் வழியே லப்பரஸ்கொப்பிக் கருவியால் ஓரத்தோடு சேர்த்து எடுத்து, ஒரு பைக்குள் போட்டு, கிழியாமல் வெளியே கொண்டுவரலாம். இந்நோய் நிணநீர்க் கணுக்களுக்கு அரிதாகவே போவதால் அவற்றைத் தேடித் தோண்ட வேண்டியதில்லை. லைப்போசார்க்கோமா என்றால் நிலைமை தலைகீழ். கட்டியை ஒட்டியிருக்கும் சிறுநீரகத்தையும் பெருங்குடலின் ஒரு பகுதியையும் சேர்த்து ஒரே துண்டாக எடுக்க நேரலாம். ‘நல்ல சிறுநீரகத்தை ஏன் எடுத்தார்கள்’ என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. கட்டியின் எல்லை அந்த உறுப்போடு ஒட்டியிருந்தது என்பதே பதில். கணையத்தின் தலைப்பகுதியில் உள்ள கட்டிக்கு, அலன் விப்பிளின் பெயரால் வழங்கும் நீண்ட சத்திரசிகிச்சை. முன்சிறுகுடலையும் பித்தக்குழாயின் ஒரு பகுதியையும் எடுத்து, மூன்று இடங்களில் மறுபடி தைத்து இணைக்க வேண்டும். குடல்வாலில் பிறந்து வயிறெங்கும் பரவிய சளிக்கட்டிக்கு, தெரியும் நோயையெல்லாம் மணிக்கணக்கில் உரித்தெடுத்த பின், ஏறத்தாழ 42 பாகை செல்சியஸ் சூட்டில் மருந்துக் கரைசலை வயிற்றுக்குள் ஓடவிடும் முறை பலருடைய ஆயுளை நீட்டியிருக்கிறது.

வெட்டாமலே விடவேண்டிய கட்டியும் உண்டு. பிரசவத்துக்குப் பின் சில பெண்களின் வயிற்றுச் சுவரில் தோன்றும் ‘டெஸ்மொய்ட்’ கட்டி வேறெங்கும் தாவாது. சில வேளை தானாகவே சுருங்கும். முன்பெல்லாம் கண்டவுடன் வெட்டினார்கள், அது மறுபடி வந்தது. இப்போது ஸ்கேனில் கண்காணித்துக்கொண்டு காத்திருப்பதே முதற்படி.

சென்னையில் தொடங்கிய வழக்கு

சத்திரசிகிச்சை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பதில்லை. ஜிஸ்ட் கட்டியின் வரலாறே அதற்குச் சான்று. 2000 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், ஈரலெங்கும் ஜிஸ்ட் பரவிச் சிகிச்சை வழியற்றிருந்த ஒரு பெண்ணுக்கு, இரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கிய ‘இமட்டினிப்’ என்ற மருந்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. அதற்கு முன் வேறெந்த மருந்துக்கும் இந்த நோய் அசைந்ததில்லை. இன்று பெரிய கட்டியைச் சுருக்கிப் பாதுகாப்பாக வெட்டுவதற்கு முன்னும், திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்றால் வெட்டிய பின் மூன்று வருடமும் இந்தக் குளிசையைக் கொடுக்கிறார்கள்.

இந்தக் குளிசையின் விலைதான் அடுத்த போராட்டம். நோவார்ட்டிஸ் நிறுவனம் ‘கிளீவெக்’ என்ற பெயரில் விற்ற மருந்துக்கு இந்தியாவில் அப்போது ஒரு மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாயாக இருந்தது. உள்ளூர் நிறுவனங்கள் தயாரித்ததற்கு அதில் பத்திலொரு பங்கும் ஆகவில்லை. நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் நிராகரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக வளர்ந்து, 2013 ஏப்ரல் 1 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. மலிவு மருந்து தொடர்ந்து தயாராவதற்கு வழி திறந்த தீர்ப்பு அது. அரிய நோயுள்ள ஓர் ஏழைக்கு உயிர் என்பது சில வேளை நீதிமன்றத்தில் எழுதப்படுகிறது.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் ஆலோசனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலை கண்டியில் இருக்கிறது. 1962 இல் நிறுவப்பட்ட மருத்துவ பீடம் பேராதனையில் இருக்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு இது சிறிய பாக்கியமல்ல. இந்தப் பாக்கியத்தை முழுதாகப் பயன்படுத்த நோயாளியின் பக்கத்திலும் சில வேலைகள் உண்டு.

வைத்தியசாலைக்குப் போகும்போது கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன் படங்கள், குருதி அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோக வேண்டும். முன்பு எப்போதாவது கட்டி வெட்டியிருந்தால் அந்த இழையப் பரிசோதனை அறிக்கை மிக முக்கியம். ஆய்வுகூடத்தில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டியைக்கூட மறுபடி பரிசோதிக்க முடியும். எப்போது தொடங்கியது, எத்தனை கிலோ குறைந்தது, பிரஷர் எகிறிய நாட்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது வைத்தியரின் பத்து நிமிடத்தைப் பொன்னாக்கும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இத்தகைய கட்டி வந்திருந்தால் கேட்காமலே சொல்ல வேண்டும். பியோகுரோமோசைட்டோமா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரையாக வந்ததாக இருக்கும்.

கையொப்பம் போடும் முன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். இது என்ன வகைக் கட்டி என்று தெரிந்துவிட்டதா? வெட்டும் முன் மருந்தோ வேறு பரிசோதனையோ தேவையா? இத்தகைய சத்திரசிகிச்சை அடிக்கடி நடக்கும் இடம் எது? இவற்றைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர்கள் இந்தக் கேள்விகளை எதிர்பார்க்கிறார்கள். மொழி விளங்கவில்லை என்றால், தமிழ் தெரிந்த ஒரு தாதியையோ உத்தியோகத்தரையோ அழைக்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை.

சத்திரசிகிச்சையின் பின் மறுநாளே கட்டிலிலிருந்து இறங்கி நடக்கச் சொல்வார்கள். நுரையீரலில் சளி தேங்காமலும் காலில் குருதி உறையாமலும் இருக்க அது உதவும். மண்ணீரலை எடுத்திருந்தால் தடுப்பூசிகள் அவசியம். தையல் காய்ந்ததும் கிளினிக்கை மறந்துவிடக் கூடாது. அரிய கட்டிகள் சில ஐந்து, பத்து வருடங்களுக்குப் பின்னும் திரும்பி வரும்; வழக்கமான ஸ்கேனில் சிறிதாய் இருக்கும்போதே பிடித்தால் மறுபடி வெட்டவோ மருந்தால் அடக்கவோ முடியும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடிதத்தோடு கிளினிக்குக்குப் போகும் தொழிலாளியின் அன்றைய பேரை வெட்டாதீர்கள். குடும்பத்தாருக்கும் ஒன்று: அம்மாவின் படங்குக் கயிறு இறுகுகிறது என்றால், அப்பாவின் சாரத்து முடிச்சைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது என்றால், நான்கு வாரத்துக்கு மேல் பொறுத்திருக்காமல் அடுத்த கிளினிக் நாளிலேயே தெல்தெனிய பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.